செயற்கை மூட்டும் மருந்துக்கு அடங்காக் கிருமியும் : ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலினுள் உலோகத்தைப் பொருத்தி, நடக்கவியலாதாரை நடக்கச் செய்தமை இருபதாம் நூற்றாண்டுச் சத்திரசிகிச்சையின் பெருஞ் சாதனைகளுள் ஒன்றாகும். ஆயின், அவ்வுலோகத்தைச் சூழ்ந்து கிருமி குடிகொள்ளுமாயின், அச்சாதனையே நோயாளிக்குப் பெருந்துன்பமாக முடியும். புதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இத்தொற்றை அடக்கின என்பது பொதுவான எண்ணம். வரலாறு காட்டுவது வேறு. மருந்தின் வலிமையைக் காட்டிலும், கிருமி வாழும் இடத்தைப் பற்றிய அறிவே இத்துறையை முன்னெடுத்துச் சென்றது.

இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி 1962 இல் உலோகமும் பொலியெதிலீனும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். பெனிசிலினை எதிர்த்த கிருமிகளை அடக்கவென 1960 அளவில் வழக்குக்கு வந்தது மெதிசிலின். அதற்கும் அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் 1961 இல் அதே நாட்டில் அறியப்பட்டது. செயற்கை மூட்டும் அதன் பகையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின எனலாம்.

சார்ன்லி மருந்தை நம்பியிருக்கவில்லை. வடிகட்டிய காற்றுச் செலுத்தப்பட்ட கூடம், சத்திரசிகிச்சை செய்வோரின் வெளிமூச்சை உறிஞ்சி அகற்றும் ஆடை முதலிய ஏற்பாடுகளால், நூற்றுக்கு 7 அளவில் இருந்த தொற்று 1 இற்குக் கீழாகக் குறைந்ததென 1972 இல் அவர் எழுதினார். காற்றோட்டத்தின் தனிப்பயனைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுற்றனராயினும், தடுப்பே முதன்மையானது என்ற கொள்கை நிலைபெற்றது.

தடுப்பையும் மீறித் தொற்று நேர்ந்தால் செய்வது யாது? ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் புக்ஹோல்ஸ் என்பார், மூட்டை எலும்புடன் பிணைக்கும் சீமெந்திலேயே ஜென்ரமைசினைக் கலந்தார். சீமெந்து இறுகும்போது எழும் வெப்பத்தைத் தாங்கவல்ல மருந்து அது. தொற்றுற்ற மூட்டை அகற்றி, அதே அமர்வில் புதியதைப் பொருத்தும் இம்முறை 583 நோயாளரில் நூற்றுக்கு 77 அளவில் வெற்றி தந்ததென 1981 இல் அறிவிக்கப்பட்டது. எனினும், ஜென்ரமைசினையும் எதிர்க்கும் கிருமிகள் அப்பத்தாண்டு முடியுமுன்னரே இத்தகைய மூட்டுகளிற் காணப்பட்டன.

மருந்து தோற்பதன் காரணம் மூட்டின் மேற்பரப்பிலேயே இருந்தது. தோலினுள் ஒரு தையல் நூல் இருப்பின், சீழ்கட்டுவதற்கு வேண்டிய கிருமிகளின் தொகை ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் என 1957 இலேயே எலெக், கொனன் ஆகியோர் காட்டியிருந்தனர். உயிரற்ற பொருளின்மீது பற்றீரியா ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசை போன்ற படலத்தை அமைத்துக்கொள்வதைக் கொஸ்ரேற்றன் முதலியோர் 1970களின் இறுதியிலிருந்து விளக்கினர். படலத்தினுள் மெல்ல வளரும் கிருமி, எதிர்ப்பாற்றலைப் பெறாதபோதும் மருந்துக்குத் தப்பிவிடும். எதிர்ப்பாற்றலும் சேருமாயின் அதனை வெல்லுதல் மிக அரிதாகும்.

ஆகவே, மூட்டை அகற்றுவதே உறுதியான வழியாயிற்று. இன்சோல் முதலியோர் 1983 இல் விவரித்த முறையில், மூட்டை அகற்றி, ஆறு வாரம் மருந்து செலுத்தி, அதன் பின்னரே புதியது பொருத்தப்பட்டது. அவ்விடைக்காலத்தில் நோயாளி மூட்டின்றிக் கிடந்தார். இவ்விழப்பைத் தவிர்க்க முடியுமா என்ற வினாவுக்குச் சுவிற்சர்லாந்தின் சிமேர்லி குழுவினர் 1998 இல் விடை தந்தனர். தொற்று அண்மையில் நேர்ந்து, பொருத்திய பொருள் அசையாதிருப்பின், அதனை அகற்றாது புண்ணைத் துப்புரவு செய்து, றிபாம்பிசினைச் சிப்றோபுளொக்சசினுடன் வழங்கினர். சிகிச்சையை நிறைவு செய்த 12 பேரும் குணமடைந்தனர். றிபாம்பிசின் பெறாத 12 பேரில் குணமடைந்தோர் 7 பேரே. படலத்தினுள் உறையும் கிருமியையும் தாக்கவல்ல றிபாம்பிசின் தனித்து வழங்கப்படின் எதிர்ப்பு விரைவில் தோன்றும். எனவேதான் அதற்குத் துணைமருந்து இன்றியமையாததாகின்றது.

இங்கு ஒன்று நோக்கற்பாலது. றிபாம்பிசினுக்கும் அடங்காத கிருமி தோன்றுமிடத்து, மூட்டைக் காக்கும் வாய்ப்பு பெரிதும் அருகி, வைத்தியர் மீண்டும் அகற்றும் முறையையே நாடவேண்டியவராகின்றார். மருந்துகளை வரையறையின்றி வழங்குவதன் விலையைச் செலுத்துவோர், நடப்பதற்காக அச்சத்திரசிகிச்சையை நாடிவந்த முதியோரே. தூய்மை, கத்தி, மருந்து ஆகிய மூன்றும் இணைந்தபோதே வெற்றி கிட்டியது என்பதும், மருந்தை மட்டும் நம்பியபோதெல்லாம் கிருமியே முந்திக்கொண்டது என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகளாம்.