சாலை யாருக்கு?

காவிரி பாயும் தஞ்சைத் தரணியிலே நெல் விளைந்தது, களஞ்சியம் நிறைந்தது, கோபுரம் உயர்ந்தது. விளைவித்தவன் நிலை என்ன? சேரியிலிருந்து பண்ணை வயலுக்கு வரப்பு வழி. மாலையில் திரும்பவும் அதே வரப்பு வழி. ஊரின் நடுத்தெரு அவனுக்கு உரியதன்று! எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். 1944ஆம் ஆண்டு மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடுதான் அக்கொடுமைகளுக்கு முடிவு கூறிற்று. அதற்கு இருபது ஆண்டு முன்பு, 1924இல், வைக்கத்திலே பெரியார் சிறை புகுந்ததும் தெருவில் நடக்கும் உரிமைக்காகத்தான். ஆகவே, நம் நாட்டு வரலாற்றில் சாலை என்பது மண்ணும் கல்லும் மட்டுமன்று. மனிதனின் மதிப்பை அளந்த கோல்!

அந்தச் சாலையிலே வந்து சேர்ந்தது மிதிவண்டி. 1885இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி அதற்கு இன்றைய உருவம் தந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். பல்லக்குக்குப் பிறர் தோள் வேண்டும். வில்வண்டிக்கு மாடு வேண்டும். மிதிவண்டிக்கோ சொந்தக் கால்களே போதும்! உழைப்பவனுக்கென்றே பிறந்த ஊர்தி அன்றோ அது?

அதன் ஆற்றலைக் காண வேண்டுவோர் தஞ்சைக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையைப் பார்க்கட்டும். 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. வயலில் உழைப்பவர், கல்லுடைப்பவர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லோரும் கற்றனர். "பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேலி பேசினர் சிலர். பெண்களோ நிற்கவில்லை. மகளிர்க்கான வண்டி கிடைக்காதபோது ஆடவர் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியிலே குழந்தையை அமர்த்திக்கொண்டனர்! 1992இல், உலக மகளிர் நாளையொட்டி, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலிக்க ஊர்வலம் வந்தனர். அண்ணன் வரட்டும், கணவன் வரட்டும், பேருந்து வரட்டும் என்று காத்துக்கிடந்த காலம் கழிந்தது. பின்னர் 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கு அரசே மிதிவண்டி வழங்கத் தொடங்கி, அத்திட்டம் ஏனைய மாணவர்க்கும் விரிந்தது.

இவ்விதம் வென்றெடுத்த சாலை இன்று யாரிடம் இருக்கிறது? விடியற்காலையில் தஞ்சை நகருக்குள் கொத்து வேலைக்கும் கடை வேலைக்கும் மிதித்து வருவோரைக் காண்கிறோம். நால்வழிச் சாலை காருக்கு. வெள்ளைக் கோட்டுக்கு அப்பாலுள்ள புழுதி இவர்களுக்கு! அன்று "ஒதுங்கு" என்றது சாதி. இன்று "ஒதுங்கு" என்கிறது கார் ஒலிப்பான்.

காலத்தின் கட்டாயம் இது என்பாரும் உளர். நெதர்லாந்தைக் காணட்டும் அவர்கள்! 1971ஆம் ஆண்டில் அந்தச் சின்னஞ்சிறு நாட்டின் சாலைகளில் மாண்டோர் 3,000க்கும் மேல். அவருள் சிறார் 400க்கும் மேல். பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். அரசு பணிந்தது, மிதிவண்டிக்குத் தனிப் பாதைகள் பெருகின. அங்கே மக்களின் குரல் மாற்றியதை இங்கே மாற்ற முடியாதா?

சாலை போடப்படுவது எல்லோரும் தரும் வரிப்பணத்தில். சோறு போடுகிறவனுக்கும் சுவர் எழுப்புகிறவனுக்கும் அதில் அச்சமின்றிச் செல்ல மூன்று முழ அகலம் கேட்கிறோம். இதையும் தர மனமில்லையெனில், நடுத்தெருவை அடைத்தோருக்கும் நமக்கும் வேற்றுமை யாது?