நெடுஞ்சாலைக்கு நிலமெடுப்பு: உங்கள் நிலத்தை விலக்கக் கோரி 21 நாளுக்குள் ஆட்சேபனை கொடுப்பது எப்படி?

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலமெடுக்கும் அறிவிக்கையில் உங்கள் சர்வே எண் வந்துவிட்டதா? அந்த நிலத்தை விட்டுவிடும்படி கேட்க, தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956 தரும் அவகாசம் 21 நாள்தான்.

3ஏ பிரிவின் கீழான அறிவிக்கை முதலில் மத்திய அரசிதழில் வெளியாகும். அதன் சாரம் இரண்டு நாளிதழ்களில் வரும். அவற்றில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். வீட்டுக்குத் தபால் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பேப்பரில் நீங்கள் பார்க்கும்போதே அரசிதழ் வெளியாகிச் சில நாட்கள் ஓடியிருக்கலாம். அதனால் அரசிதழ் தேதியிலிருந்தே 21 நாளை எண்ணுங்கள்.

அளவையர் வந்து கல் நட்டுவிட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது தவறு. அறிவிக்கைக்குப் பிறகு நிலத்தில் நுழைந்து அளக்க 3பி பிரிவு அனுமதிக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் நிலம் இன்னும் உங்களுடையதுதான்.

ஆட்சேபனையை 3சி பிரிவின்படி எழுத்து மூலம், காரணத்தோடு, அறிவிக்கையில் சொல்லப்பட்ட தகுதிவாய்ந்த அலுவலரிடம் கொடுக்க வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் பட்டாவோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் முதலில் அதையே எழுதுங்கள். கிணறு ஒரு பக்கமும் வயல் மறுபக்கமுமாகப் பிரியுமா? பாசன வாய்க்கால் அறுபடுமா? பக்கத்திலேயே புறம்போக்கு வழியாகச் சாலையைக் கொண்டுபோக முடியுமா? அதை ஒரு கைவரைபடத்தில் காட்டுங்கள். 'இழப்பீடு போதாது' என்று மட்டும் எழுதினால் பயனில்லை; தொகை பற்றிய பேச்சு பிறகு 3ஜி பிரிவில் வருகிறது. கூட்டுப் பட்டா என்றால் ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பிறகு விசாரணை. நீங்களே போகலாம், வழக்கறிஞரையும் அனுப்பலாம். பட்டா, அடங்கல், கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று கையில் இருக்கட்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றும் வேண்டியிருக்கும். சொன்னதெல்லாம் பதிவாகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். அலுவலர் ஆட்சேபனையை ஏற்கலாம், தள்ளலாம். சட்டப்படி அவர் உத்தரவே இறுதியானது. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி.

3டி பிரிவின் கீழ் பிரகடனம் வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். 3ஏ அறிவிக்கை வெளியான ஓராண்டுக்குள் அந்தப் பிரகடனம் வராவிட்டால் அறிவிக்கையே செல்லாது. நீதிமன்றத் தடை இருந்த காலம் இந்த ஓராண்டுக் கணக்கில் சேராது.