தொம்மலூர் கூரைக்கு உள்ளூர்க்காரர் யார்?

புது ஊருக்குக் குடிபோன குடும்பம் முதல் மாதத்திலேயே பால்காரர், குழந்தை டாக்டர், பள்ளிக்கூடம், இட்லி அரிசி கிடைக்கும் கடை எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும். கூரை வேலை செய்பவரை மட்டும் யாரும் தேடி வைப்பதில்லை. அவர் தேவைப்படுகிற நாளில் வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். விசாரிக்க நேரம் இருக்காது. வந்தவர் சொன்னதுதான் விலை.

மின்னசோட்டாவில் பொட்டி தட்டும் நண்பர் ஒருவரோடு போன குளிர்காலத்தில் பேசும்போது இதே புலம்பல். அங்கே மழை பிரச்சினை இல்லை, பனி. வீட்டுக்குள் இருக்கும் சூடு மேலே ஏறி, கூரையின் நடுப்பகுதியில் கிடக்கும் பனியை உருக்கும். அந்தத் தண்ணீர் வழிந்து விளிம்புக்கு வந்ததும், அங்கே அடியில் சூடு இல்லாததால், மறுபடி உறைந்து ஒரு வரப்பு மாதிரி நின்றுவிடும். பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் கூரைத் தகடுகளுக்கு அடியில் புகுந்து, படுக்கையறைச் சுவரில் இறங்கும். போதாததற்கு, ஆலங்கட்டி மழை பெய்தால் வெளி மாநிலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரும் கூரைக் காண்ட்ராக்டர்கள் வேறு. முன்பணம் வாங்கி, ரெண்டு நாளில் வேலையை முடித்து, அடுத்த புயல் அடித்த ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருஷம் ஒழுகினால் போன் எடுக்க ஆள் இருக்காது. அதனால் அங்கே எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: உள்ளூர் ஆளாகப் பார்.

"உள்ளூர் ஆள்னா யாருப்பா? நானே பத்து வருஷம் முன்னாடி வந்தவன்" என்றார் நண்பர். சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்து பெங்களூரு தொம்மலூரில் குடியிருக்கும் எனக்கும் அது பொருந்துகிற கேள்விதானே. இந்த ஊர் கூரைகளைப் போட்டவர்கள் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

நிலைக்கால் கொடுத்தவர்

தொம்மலூரில் ஒரு சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டு மதுரை நினைப்பில் போனால் ஏமாந்துபோவீர்கள், உள்ளே இருப்பவர் பெருமாள். சோழர் காலத்துக் கோயில் என்பார்கள். அங்குள்ள கல்வெட்டுகள் பல தமிழில் இருக்கின்றன. ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்த குழுக்களை நானாதேசிகள் என்று அழைத்த காலம் அது. பட்டணம் என்ற பெயரையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைக்கே இது வெளியூர்க்காரர்கள் வந்துபோன இடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1270ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால் கொடுத்ததைச் சொல்கிறது. இரண்டே இரண்டு வாசல் கால்கள். அதற்கு ஒரு கல்வெட்டு! வேறொரு கல்வெட்டில் ஒரு கணவனும் மனைவியும் நிலம் எழுதிக் கொடுக்கிறார்கள். 1290ஐச் சேர்ந்த ஒன்று போசள வீர ராமநாதனுடையது. திருச்சி பக்கம் கண்ணனூரில் (இன்றைய சமயபுரம்) இருந்து ஆண்ட ராஜா அவர். இந்த ஊர் வருமானத்திலிருந்து பொன் ஒதுக்குகிறார்.

நிலைக்கால் கொடுப்பது ஒருமுறைச் செலவு. நிலம் கொடுப்பது அப்படியில்லை, அது வருஷா வருஷம் வருமானம் தரும். கட்டிடம் ஒன்றைக் கட்டினால் போதாது, அடுத்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள். கருங்கல் பலகை போட்ட கோயில் தளமே ஆனாலும், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு இணைப்பை அடைக்காவிட்டால் ஒழுகத்தான் செய்யும்.

ஆற்காட்டிலிருந்து வந்த காண்ட்ராக்டர்

1809இல் ஆங்கிலேயர்கள் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைத்தார்கள். சிப்பாய்களோடு சேர்ந்து மதராஸ் மாகாணத்திலிருந்து சமையல்காரர், சலவைக்காரர், குமாஸ்தா, கொத்தனார், வியாபாரி என்று பெரும் கூட்டம் வந்தது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இன்றும் காதில் விழும் தமிழுக்கு அதுதான் தொடக்கக் கதை. 1864இல் ஜோலார்பேட்டை வழியாக மதராஸ் ரயில் வந்ததும் வருவது இன்னும் சுலபமாயிற்று.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் (பிறப்பு 1827). அதுவரை திப்புவின் கோடை அரண்மனையில் இயங்கிக்கொண்டிருந்த அரசு அலுவலகங்களுக்குப் புதுக் கட்டிடம் தேவைப்பட்டது. தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் மேற்பார்வையில், 1864இல் ஆரம்பித்து 1868இல் அதைக் கட்டி முடித்த காண்ட்ராக்டர் முதலியார்தான். பதினெட்டு இலாகாக்கள் இருந்ததால் அட்டாரா கச்சேரி என்று பெயர். இன்றைக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம். கப்பன் பார்க் பக்கம் போகும்போது அந்தச் சிவப்புக் கட்டிடத்தைப் பார்க்காமல் வர முடியாது.

வேலையை முடித்துப் பணத்தை எண்ணிக்கொண்டு ஆற்காட்டுக்கு வண்டியேறவில்லை மனிதர். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பள்ளிக்கூடம் திறந்தார். ஆர்.பி.ஏ.என்.எம். என்று இன்றும் நடக்கும் கல்வி நிறுவனங்களின் வேர் அது. அதில் இருக்கும் ஏ.என்.எம். அவர் பெயர்தான்.

அந்தக் காலத்து நல்ல வீடுகளுக்கு 'மெட்ராஸ் டெரஸ்' தளம் போடுவது வழக்கம். தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அதன் மேல் சின்னச் சின்ன செங்கற்களைக் குத்துக்கல்லாக, கோணல் வரிசையில், சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டோடு. பெயரே சொல்வது போல இந்த வித்தையும் மதராஸ் பக்கத்துச் சரக்குதான்.

குளிர் ஊரிலிருந்து வந்த ஓடு

எங்கள் பக்கத்தில் ஓட்டில் இரண்டு வகை. வளைந்திருப்பது நாட்டு ஓடு, தட்டையாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது சீமை ஓடு. சின்ன வயதில் 'சீமை' என்றால் இங்கிலாந்து என்று நினைப்பு. சரித்திரம் வேறு மாதிரி.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், அல்ட்கிர்ச் என்று ஒரு சின்ன ஊர். பனி விழுகிற ஊர். அங்கே ஜிலார்டோனி சகோதரர்கள், ஓரத்தில் பள்ளமும் மேடும் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஓட்டுக்கு 1841இல் காப்புரிமை வாங்கினார்கள். பழைய ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறைய அடுக்க வேண்டும், அதனால் கனம் அதிகம். இதற்குக் குறைந்த ஓடு போதும், காற்றுக்கும் பனிக்கும் நழுவாது.

அந்தப் பாசல் நகரத்து மிஷன் 1834இல் மங்களூருக்கு வந்தது. மதம் மாறியவர்கள் சாதித் தொழிலையும் சொந்தக்காரர்களின் ஆதரவையும் இழந்து நின்றார்கள், அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும். நெசவு, அச்சகம் என்று தொடங்கினார்கள். அச்சகத்தைப் பார்த்துக்கொள்ள வந்த ஜெர்மானியர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட், ஆற்றங்கரைக் களிமண்ணைச் சோதித்துப் பார்த்து, 1865இல் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார். அல்ட்கிர்ச்சில் பிறந்த அதே குடும்பத்து ஓடு, நேத்ராவதிக் கரை மண்ணில் வெந்து 'மங்களூர் ஓடு' ஆயிற்று. கோழிக்கோடு, பாலக்காடு என்று தொழிற்சாலைகள் பெருகின. முதல் உலகப்போரில் ஜெர்மானியர்களையும் அவர்களோடு இருந்தவர்களையும் வெளியேற்றி ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள். காமன்வெல்த் டிரஸ்ட் என்று பெயர் மாறியது, ஓடு மாறவில்லை.

பெங்களூருக்கு வந்த இந்த ஓடு, ஜன்னலுக்கு மேல் மரக் கிராதி வைத்த கூர் கூரையோடு (குரங்குத் தொப்பி என்பார்கள்) சேர்ந்து பங்களாக்களின் அடையாளமே ஆகிவிட்டது. 1884 ஜனவரி 13ஆம் தேதி 7.8 டிகிரிக்கு இறங்கிய ஊர் இது. ஆற்காட்டு வெயிலிலிருந்து வந்தவர்களுக்கு இதுவே பனி ஊர்தான்!

ஆக, தமிழ்நாட்டுக் கொத்தனாரின் தளம், அல்சாஸ் ஓடு, மங்களூர் மண். பெங்களூர்க் கூரை என்று தனியாக உள்ளூரிலேயே முளைத்த ஒன்றை நான் தேடிப் பார்த்தவரை காணோம்.

ஒழுகிய இடம்

சரி, நம்ம கதைக்கு வருவோம். நாங்கள் இருக்கும் வீடு பழைய தொம்மலூர்ச் சந்துக்குள். முன்பகுதி மங்களூர் ஓடு, பின்பகுதி பிற்பாடு போட்ட கான்கிரீட். செப்டம்பர் மழையில் நடுக்கூடம் ஒழுக ஆரம்பித்தது. ஓனரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். பென்ஷனும் எங்கள் வாடகையும்தான் அவருக்கு வருமானம்.

முதலில் வந்தவர் கீழே நின்றே பார்த்துவிட்டு, ஓட்டைப் பிரித்துத் தகரம் போடலாம், ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்றார். இரண்டாமவர் எல்லாவற்றையும் இடித்து ஒட்டு போட்டுவிட்டால் மேலே இன்னொரு மாடி எடுக்கலாம் என்று ஆசை காட்டினார். மூன்றாமவர் ஏதோ ரசாயனத்தைப் பூசினால் பத்து வருஷம் கவலையில்லை என்றார். ஓனரம்மா இடிப்பதற்கே தலையாட்டும் நிலைக்கு வந்துவிட்டார். நடந்திருந்தால் வீட்டின் மேல் கடன், எங்களுக்கு வேறு வீடு.

நாலாவதாக வந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி. அப்பா காலத்தில் பெங்களூருக்கு வந்த குடும்பம். விலை சொல்வதற்கு முன்னால் கேட்டார்: "எந்தப் பக்கம் காத்து அடிக்கிறப்போ சார் ஒழுகுது? மழை ஆரம்பிச்சதுமா, விட்ட பிறகா?"

மேலே ஏறினார். ஓடுகளில் பதினொன்று விரிசல். ஆனால் ஒழுகலுக்கு முக்கியக் காரணம் அது இல்லை. ஓட்டுக் கூரையும் கான்கிரீட் சுவரும் சேரும் மூலையில் பூச்சு விட்டுப்போயிருந்தது. மங்களூர் ஓடு சரிவில் தண்ணீரை ஓடவிடும் சாதி, கான்கிரீட் தேக்கி வைத்து மெதுவாக அனுப்பும் சாதி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெடிப்பு வரத்தான் செய்யும். ரெண்டு ரீப்பர் கட்டை மாற்றி, பழைய வீடு இடித்த இடத்திலிருந்து அதே அளவு ஓடு வாங்கி வந்து சொருகி, மூலையில் தகடு மடித்து வைத்துப் பூசினார். மொத்தம் பதினாலாயிரம் ரூபாய். அக்டோபரில் அடைமழை அடித்த மறுநாள் காலை, நாங்கள் கூப்பிடாமலேயே வந்து, மேலே ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.

உள்ளூர்க்காரர் யார் என்ற கேள்விக்கு அந்தக் காபி வேளையில் எனக்கு விடை கிடைத்தது. அடுத்த மழைக்கும் கையெட்டும் தூரத்தில் இருப்பவர் உள்ளூர்க்காரர். ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தாலும் சரி. நாராயணசாமி முதலியார் அப்படித்தான் பெங்களூர்க்காரர் ஆனார்.

ஆனால் இந்த மாதிரி மேஸ்திரிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மங்களூர்ப் பக்கம் பல ஓட்டுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. எங்கள் மேஸ்திரியின் மகன் கூரை ஏறுவதில்லை, கார் ஓட்டுகிறார். பழுது பார்க்க ஆள் இல்லை என்பதற்காகவே நல்ல கூரைகள் இடிபடுகின்றன.

குளிர் ஊரில் இருக்கும் நண்பர்களும், இங்கே என்னைப் போல இருப்பவர்களும் வெயில் காயும் நாளிலேயே ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். விலை கேட்பதற்கு முன் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். மேலே ஏறிப் பார்க்காமல் விலை சொன்னால் அனுப்பிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். மூன்று வருஷம் முன்பு அவர் வேலை செய்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேலை முடிந்த பிறகு ஒருநாளாவது இவர் திரும்பி வந்தாரா?

மின்னசோட்டா நண்பர் இந்தக் கேள்வியோடு இப்போது தெருவில் இரண்டு வீடுகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அங்கே பனி வர இன்னும் நாள் இருக்கிறது.