மாத்தளைத் தோட்டங்களில் பெண் தொழிலாளரின் உடல்நலமும் பணி முன்னேற்றமும்

மாத்தளை மாவட்டம் இலங்கையின் மத்திய மாகாணத்தில், கண்டிக்கு வடக்கே அமைந்துள்ளது. தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகு, ஏலம் ஆகியன விளையும் இம்மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. அவர்களுடைய உடல்நலத்துக்கும் பதவி உயர்வுக்கும் நிர்வாகம் செலவிடுவது தருமமா, தொழிலுக்கான முதலீடா என்ற கேள்விக்கு இங்கே நூறாண்டு வரலாறு உண்டு. அது முதலீடுதான் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. அரைகுறையாகச் செய்த முதலீடு நிலைக்கவில்லை என்பதையும் அதே வரலாறு சொல்கிறது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் பலர் வழியிலேயே மாண்டனர். கோப்பிக்குப் பருவகால ஆட்களே போதும் என்பதால் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்; அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869க்குப் பின் இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்துக்கு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியிருந்தது. குடும்பங்கள் லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளில் நிலைத்தன. பெண்கள் தொழிலின் முதுகெலும்பானார்கள்.

காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் தொடங்கும் வேலை மாலையில் கொழுந்து நிறுப்பதுடன் முடிகிறது. தோட்டம் குறித்த நிறையை எடுத்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். செடிகளுக்குக் குறித்த நாள் இடைவெளியில் மீண்டும் பறிக்காவிட்டால் கொழுந்து முற்றி, தேயிலையின் தரம் தாழும்; கொழும்பு ஏலத்தில் விலையும் தாழும். ஆகவே ஒரு பெண் நோயில் படுத்தால் அவளுக்குச் சம்பளம் போவது மட்டுமல்ல, மலையின் பறிப்பு முறையே குலைகிறது. தோட்டத்தின் வருமானமும் பெண்ணின் உடல்நலமும் இவ்வாறு நேரடியாகப் பிணைந்துள்ளன.

கொக்கிப்புழு ஒழிப்பு, 1916

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையில் தன் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்பவர்களின் தோல்வழியே நுழையும் இப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிக் குருதிச்சோகையை உண்டாக்குகிறது. புழு நீங்கினால் தொழிலாளி கூடுதலாக வேலை செய்வார் என்ற வாதத்தை முன்வைத்தே தோட்டங்களை நிர்வகித்த துரைமாரின் ஒத்துழைப்பு கோரப்பட்டது.

மருந்து கொடுப்பதைப் பல துரைமார் ஏற்றனர். மலசலகூடம் கட்டும் செலவுக்குத் தயங்கினர். மண் மாசுபட்டபடியே இருந்ததால், குணமானவர்களுக்கு மீண்டும் புழு தொற்றியது. நோயை உண்டாக்கும் சூழலை விட்டுவிட்டு நோயாளிக்கு மட்டும் மருந்து தருவது வீண்செலவு என்பது மாத்தளை தந்த முதல் பாடம்.

இரும்புச்சத்தும் கொழுந்தின் நிறையும்

உடல்நலத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டிய ஆய்வும் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில்தான் நடந்தது. எட்ஜர்டன், கார்ட்னர், ஒஹிரா, குணவர்தன, செனவிரத்ன ஆகியோரின் இந்த ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. தொழிலாளரில் ஒரு பிரிவினருக்கு இரும்புச்சத்தும் மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத மாத்திரையும் தரப்பட்டன. ஒரு மாதத்துக்குப் பின், இரும்புச்சத்தால் ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். ஒரு டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே ஹீமோகுளோபின் இருந்தவர்களிடம் முன்னேற்றம் அதிகமாக இருந்தது. அவர்களுடைய அன்றாட நடமாட்டமும் கூடியது.

சோம்பல் என்று மேற்பார்வை செய்யும் கங்காணி ஏசியது பல வேளைகளில் இரத்தக் குறைவே என்பதை இம்முடிவு உறுதிப்படுத்தியது. மாதவிலக்கிலும் பேறுகாலத்திலும் இழக்கும் இரத்தம், இரும்புச்சத்துக் குறைந்த உணவு, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் ஆகியவை பெண்களின் குறையை மிகுவிக்கின்றன. தேநீரிலுள்ள தனின், உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. இரும்பு மாத்திரையின் விலை மிகச் சொற்பம். அது திரும்பத் தருவது ஒவ்வொரு மாலையும் தராசில் தெரியும்.

பேறுகாலமும் பிள்ளைக் காம்பராவும்

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமே தோட்டப் பெண்களின் பேறுகால உரிமைக்கு அடிப்படை. முன்னர் மூன்றாம் பிள்ளை முதல் விடுமுறை 6 வாரமாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம் என்று ஆக்கியது.

ஒரு வயது நிறையாத பிள்ளைக்குப் பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகளையும் இச்சட்டம் தருகிறது. தொழிலிடத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணிநேரம். இல்லாவிட்டால் ஒரு மணிநேரம். எனவே காப்பகம் நடத்தும் தோட்டத்துக்குப் பாலூட்டும் தாய் ஒருவருக்கு நாள்தோறும் ஒரு மணிநேர வேலை மிஞ்சுகிறது. தோட்ட மக்கள் பிள்ளைக் காம்பரா என்று அழைத்த இடங்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக இயங்குகின்றன. அவற்றின் மேம்பாட்டில், 1992இல் தோட்ட முகாமைத்துவம் அரசிடமிருந்து கம்பனிகளுக்குக் கைமாறியபோது தொடங்கிய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்குப் பங்குண்டு.

இலங்கையில் பேறுகாலச் சம்பளத்தை வேலை கொடுப்பவரே முழுதும் ஏற்கிறார். இதனால் சில நிறுவனங்கள் இளம்பெண்களை வேலைக்குச் சேர்க்கத் தயங்குகின்றன. செலவைச் சமூகக் காப்புறுதி வழியாகப் பகிர்ந்துகொள்வது இத்தயக்கத்தைத் தணிக்கும் வழி.

சம்பளமும் பதவியும்

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. பதவியில் அந்தச் சமத்துவம் வரவில்லை. கொழுந்து பறிப்பவர் பெண். நிறை பார்ப்பவரும் மேற்பார்வை செய்பவரும் பெரும்பாலும் ஆண். பெண்கள் கங்காணியாவது அண்மைக்காலத்தில் பரவிவரும் மாற்றம். மலையில் மலசலகூடம் இல்லாமையையும், மாதவிலக்கு நாள்களின் சிரமத்தையும், கர்ப்பிணிக்குச் சரிவான மலை ஆகாது என்பதையும் பெண் மேற்பார்வையாளரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம். பதவி உயர்வும் உடல்நலமும் தனித்தனித் திட்டங்களாக அமையக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தோட்டத்துக்கு வெளியிலும் மாவட்டத்தில் முன்மாதிரி உண்டு. ஈனா டி சில்வா (1922–2015) அலுவிகாரையில் நிறுவிய மாத்தளை மரபுரிமை நிலையம், கிராமப் பெண்களைப் பத்திக், தையல் வேலைப்பாட்டுக் கலைஞர்களாக வளர்த்தது. இலங்கையின் ஆடைத் தொழிலில் மாஸ் நிறுவனம் 2003இல் பெண் ஊழியர்களின் திறன், உடல்நலம், பதவி உயர்வு ஆகியவற்றை ஒன்றிணைத்த திட்டமொன்றைத் தொடங்கியது.

மதிப்பீடு

இலங்கையில் வேலைக்குப் போகும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே உழைப்புப் படையில் உள்ளனர். இளைய தலைமுறையினர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போவதால் கொழுந்து பறிக்க ஆளில்லாத நிலை வளர்கிறது. இந்நிலையில் இரும்புச்சத்து, மலையில் மலசலகூடம், தரமான பிள்ளைக் காப்பகம், பெண்களுக்கு மேற்பார்வைப் பதவி ஆகிய நான்கும் தொழிலைக் காக்கும் வழிகள். இலாபம் தராவிட்டாலும் இவை அப்பெண்களுக்கு உரியவை. இலாபமும் தருவதால், மறுப்பதற்கு நிர்வாகத்திடம் எந்த நியாயமும் மிஞ்சவில்லை.