வீடு தெரியாத விருந்தாளி

போன வாரம் எங்கே விட்டோம், ஞாபகம் இருக்கிறதா?

ஜெர்மனி. பான் பல்கலைக்கழகம். அமிலத் தொட்டிக்குள் ஸ்வீடன் தேசத்துக் கல் ஒன்று மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. பேராசிரியர் கிளாவுஸ் முல்லர் காத்திருந்தார். வாரம் முழுக்க நீங்களும் காத்திருந்தீர்கள். இனி தாமதம் வேண்டாம், தொட்டியைத் திறந்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். முல்லர் எதைத் தேடினார்?

பல்.

கோனோடோன்ட் என்று பெயர். கடுகைவிடச் சிறிய, கூரிய பல் போன்ற துண்டுகள். உலகெங்கும் பழைய கடல் பாறைகளில் அவை கிடைக்கின்றன. எந்தப் பல் இருக்கிறது என்று பார்த்தால் பாறையின் வயதைச் சொல்லிவிடலாம். நிலவியலாளர்களுக்கு அது ஒரு நாட்காட்டி. ஆனால் அந்தப் பல் யாருடைய வாயில் இருந்தது? 1856இல் பாண்டர் என்பவர் அவற்றை முதலில் விவரித்த நாளிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருக்கும் தெரியாது. பல் உண்டு, பிராணி இல்லை. அந்த மர்மத்திலேயே முல்லரின் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய கற்கள் தெற்கு ஸ்வீடனிலிருந்து வந்தவை. வேனெர்ன் ஏரிக்கரையில் கின்னெகுல்லே என்றொரு குன்று. அங்கே கரிய படிகாரக் களிப்பாறைக்குள் உருண்டை உருண்டையாகச் சுண்ணாம்புக்கல் புதைந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். 'ஓர்ஸ்டென்' என்பார்கள் ஊர்க்காரர்கள்.

அந்தக் கல்லை உடைத்தால் பல்லும் உடைந்துபோகும். ஆகவே கரைக்க வேண்டும். எதில்? இங்கேதான் விதி தலையிடுகிறது. நீர்த்த அசிட்டிக் அமிலம் சுண்ணாம்பைத் தின்னும், பாஸ்பேட்டை விட்டுவிடும். பல் பாஸ்பேட்டால் ஆனது. அதனால் முல்லர் அந்த அமிலத்தைத் தேர்ந்தெடுத்தார். அவசரப்பட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றியிருந்தால் எல்லாமே கரைந்திருக்கும். இந்தக் கதையும்தான்.

கல் கரைந்தது. வண்டலைச் சலித்தார்கள், உலர்த்தினார்கள். நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் துகள் துகளாகப் பொறுக்கினார்கள். கண் எரியும், கழுத்து வலிக்கும். பொறுமையில்லாதவருக்கு ஆகாத வேலை.

1975. முல்லரும் உதவியாளர்களும் பார்த்தார்கள்.

பல் இருந்தது. பக்கத்தில் ஒரு குட்டி ஓடும் இருந்தது. அந்த மாதிரி ஓடுகளை முல்லர் முன்பே நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் இந்த ஓட்டுக்குள் காலியிடம் இல்லை.

கால்கள் இருந்தன!

காலில் கணுக்கள். கணுவில் மயிர். 50 கோடி ஆண்டு பழைய மயிர். நசுங்கவில்லை, தட்டையாகவில்லை. கேம்பிரியம் என்கிற அந்தக் காலத்துக் கடலடிச் சேற்றில் செத்து விழுந்த பொடி உயிர்களின் தோலிலும் பாஸ்பேட் ஏறியிருந்தது. பல்லுக்காகத் தேர்ந்தெடுத்த அமிலம், கேட்காமலேயே தோலையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் அந்த ஓடுகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, வந்த வேலையைப் பார்த்திருப்பார். நாட்காட்டி வேலைக்கு ஓட்டுக்குள் இருக்கும் கால் எதற்கு? முல்லர் ஒதுக்கவில்லை. இன்னும் கல் கொண்டுவந்தார். இன்னும் கரைத்தார். பிற்பாடு டீட்டர் வலோசெக் என்ற இளைஞரும் சேர்ந்துகொண்டார். இருவரும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். பிரெடோகாரிஸ், ஸ்காரா, ரெபாகியெல்லா. எல்லாமே இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட கணுக்காலிகள்.

அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் எந்த வரிசையிலும் உட்காரவில்லை.

இந்த வாரக் கதையே அதுதான்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அது தெரிகிறது. பெரிய தலை. பின்னால் மெலிந்த, புழு மாதிரியான உடம்பு. தலையில் கால்கள். எண்ணிப் பாருங்கள். ஓட்டுடலிகளின் குஞ்சுக்கு மூன்று ஜோடிக் கால் இருக்கும். நீந்தவும் உணவை வாய்க்குத் தள்ளவும் அவை வேண்டும். இதற்கு இரண்டே ஜோடி. அவையும் நீந்தும் கால்கள் அல்ல. உள்நோக்கி மடங்குகின்றன. நுனியில் கொக்கி.

நான்கு கொக்கிகள்.

கொக்கி எதற்கு? நீந்துகிறவனுக்கு வேண்டாம். சேற்றில் மேய்கிறவனுக்கும் வேண்டாம். இன்னொரு உயிரின் சதையைப் பற்றிக்கொண்டு, விடாமல் தொங்குகிறவனுக்குத்தான் வேண்டும்.

ஒட்டுண்ணி!

இந்த உருவத்தை விலங்கியல் படித்தவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். பாம்பின் நுரையீரலில் வாழும் நாக்குப்புழு. நாயின் மூக்குக்குள் வாழும் இனமும் உண்டு. வளர்ந்த நாக்குப்புழுவுக்கு இதயம் இல்லை, மூச்சுறுப்பு இல்லை. வாயருகே நான்கு கொக்கிகள், உள்ளே குடல், இனப்பெருக்க உறுப்புகள். மற்றதையெல்லாம் விருந்து கொடுக்கும் உடம்பு பார்த்துக்கொள்ளும். முட்டைக்குள் இருக்கும் அதன் குஞ்சுக்கும் இரண்டே ஜோடி கொக்கிக் கால்கள்தான்.

வலோசெக்கின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'இனம் தெரியாத குஞ்சு' என்று எழுதி மூடிவைத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. 'நாக்குப்புழு' என்று எழுதினால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும்.

முதல் அடி விலங்கியலாளர்களிடமிருந்து. டென்மார்க்கின் விங்ஸ்ட்ராண்ட் 1972இலேயே நாக்குப்புழுவின் விந்தணுவையும் மீன் பேன் என்ற ஓட்டுடலியின் விந்தணுவையும் ஒப்பிட்டு, இரண்டும் பங்காளிகள் என்று காட்டியிருந்தார். 1989இல் மரபணு ஆய்வும் அதையே சொன்னது. மீன் பேனின் பங்காளிக்குக் கேம்பிரியக் கடலில் என்ன வேலை?

இரண்டாவது அடிதான் பலமானது. பாம்பு எங்கே? நாய் எங்கே? அன்றைக்கு நிலம் வெறும் பாறை. முதுகெலும்புள்ள ஒரு பிராணி கரையில் கால் வைக்க இன்னும் 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நுரையீரலே பிறக்காத உலகத்தில் நுரையீரல் ஒட்டுண்ணியா?

எழுதினார்கள்.

1994. முல்லரும் வலோசெக்கும் சேர்ந்து வெளியிட்டார்கள். நாக்குப்புழுக் குஞ்சுகள், ஒன்றல்ல, பல இனங்கள். நாக்குப்புழுவுக்காக உழைத்த ரிச்சர்ட் ஹெய்மன்ஸின் பெயரால் ஒன்றுக்கு 'ஹெய்மன்சிகாம்ப்ரியா' என்று பெயரிட்டார்கள். இவை மீன் பேனின் பங்காளிகளே அல்ல, கணுக்காலிகளின் அடிமரத்தில் கிளைத்த தனி வம்சம் என்றும் வாதாடினார்கள். அந்தச் சண்டையில் நான் மரபணுவின் கட்சி. பிற்பாடு வந்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. ஆனால் 'இது நாக்குப்புழு' என்று எழுதிய துணிச்சல் இருக்கிறதே, அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

அதே ஆண்டு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்தும் ஒரு ஹெய்மன்சிகாம்ப்ரியா வெளிப்பட்டது. அதை முல்லரோடும் வலோசெக்கோடும் சேர்ந்து விவரித்தவர் அமெரிக்காவின் ரெபெட்ஸ்கி. அவர் யார் தெரியுமா? அவரும் கோனோடோன்ட் ஆள்!

கவனித்தீர்களா? பல்லைத் தேடுகிறவர்கள் பக்கமே இந்தப் புழு திரும்பத் திரும்ப வருகிறது.

இப்போது எடின்பரோவுக்கு வாருங்கள். 1982. யூவன் கிளார்க்சன் என்ற ஆய்வாளர் நிலவியல் துறையின் சேகரிப்பிலிருந்த பழைய கற்பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பலகையில் நான்கு சென்டிமீட்டர் நீளத்தில், விலாங்கு போல ஒரு மெல்லிய தடம். தலைப்பக்கம் உற்றுப் பார்த்தார்.

கோனோடோன்ட் பற்கள்.

நூறு ஆண்டு மர்மம் அந்த மேசையில் உடைந்தது. பல்லின் சொந்தக்காரன் மீன்களின் தூரத்து உறவு, நம் முதுகெலும்புக் குடும்பத்தின் வாசலில் நின்ற ஒரு நீச்சல்காரன். கேம்பிரியக் கடலிலும் அதன் முன்னோடிகளின் பற்கள் உண்டு. முல்லரின் சல்லடையிலேயே உண்டு. நாக்குப்புழு அன்றும் முதுகெலும்புக் குடும்பத்தைத்தான் பிடித்துத் தொங்கியது என்றால், அந்தக் கடலில் அதற்கு வேறு யார் இருந்தார்கள்?

கோனோடோன்ட்தான் அந்த வீடு என்று சந்தேகம் எழுந்தது. யோசிக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. வாழ்நாளெல்லாம் பல்லின் சொந்தக்காரனைத் தேடியவர், அவன் உடம்பில் குடியிருந்தவனைத் தன் கையாலேயே பொறுக்கி எடுத்திருக்கிறாரா?

ஆனால் சாட்சி இல்லை. ஓர்ஸ்டென் கல் பொடி உயிர்களை மட்டுமே காப்பாற்றும். அதைவிடப் பெரிய உடம்புகள் அதில் முழுசாகத் தப்பவில்லை. ஆகவே குஞ்சுகள் கிடைத்தன, வீடு கிடைக்கவில்லை. விருந்தாளியும் வீட்டுக்காரனும் ஒரே கல்லில், ஒட்டியபடி, கையும் களவுமாகப் பிடிபட்டால்தான் வழக்கு நிற்கும்.

பிடிபட்டார்கள்.

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயர். 42.5 கோடி ஆண்டு பழைய எரிமலைச் சாம்பலில் உறைந்த கல். அமிலம் அங்கே பலிக்காது. மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து, ஒவ்வொரு இழைக்கும் படம் எடுத்து, கணினியில் உருவத்தை எழுப்ப வேண்டும். தேய்க்கத் தேய்க்க அசல் அழிந்துகொண்டே போகும். திரும்பிப் பார்க்க முடியாது.

திரையில் உருவம் எழுந்தது. நாக்குப்புழு. முழுசாக. அது ஒரு உடம்பைப் பற்றிக்கொண்டிருந்தது.

அந்த உடம்பு கோனோடோன்ட் அல்ல. மீனும் அல்ல.

பிறகு யார்?

(அடுத்த வாரம்)