இணையப் போக்குவரத்தைப் பதிவு செய்யும் ப்ராக்சி: பயனும் எச்சரிக்கையும்

இணையப் படிவத்தை நிரப்பி 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. கோளாறு கைப்பேசியிலா, சர்வரிலா? திரையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இதைக் கண்டறிய மென்பொருள் துறையினர் பயன்படுத்தும் கருவிகளுள் ஒன்றுதான் பதிவு செய்யும் ப்ராக்சி.

ப்ராக்சி என்பது கைப்பேசிக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் இடையாள். போகும் கோரிக்கையையும் வரும் பதிலையும் அது பிரதி எடுத்துக்கொண்டு அனுப்பி வைக்கிறது. முகவரி, அனுப்பிய தகவல், எடுத்த நேரம், நிலை எண் எல்லாம் பதிவாகும். 404 என்றால் கேட்டது அங்கே இல்லை. 500 என்றால் கோளாறு சர்வரில். கோரிக்கையே பதிவாகவில்லையா? செயலி அதை அனுப்பவில்லை, அல்லது ப்ராக்சியைத் தவிர்த்து அனுப்பியுள்ளது.

ஃபிட்லர், சார்ல்ஸ், இலவசமாகக் கிடைக்கும் மிட்ம்ப்ராக்சி ஆகியவை இவ்வகைக் கருவிகள். கணினியில் ஒன்றை இயக்கி, அதே வைஃபையில் உள்ள கைப்பேசியின் வைஃபை அமைப்பில் கணினியின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுக்க வேண்டும். மிட்ம்ப்ராக்சிக்கு வழக்கமான போர்ட் 8080, சார்ல்ஸுக்கு 8888.

எச்டிடிபிஎஸ் தளங்களின் தகவல் பூட்டிய உறைபோல் செல்வதால் இடையாளால் படிக்க முடியாது. ப்ராக்சியின் மூலச் சான்றிதழைக் கைப்பேசியில் நிறுவினால்தான் உறை திறக்கும். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவிய சான்றிதழைச் செயலிகள் இயல்பாக ஏற்பதில்லை. வேறு சில செயலிகள் தங்கள் சொந்தச் சான்றிதழை மட்டுமே நம்பும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. உறை திறந்தால் கடவுச்சொல்லும், உள்நுழைவை நிலைநிறுத்தும் குக்கியும் பதிவில் தெரியும். அந்தப் பதிவுக் கோப்பு பிறர் கையில் சிக்கினால், கடவுச்சொல் தெரியாமலேயே கணக்கிற்குள் நுழைய வழி பிறக்கலாம். ஆகவே கோப்பைப் பகிரும் முன் இவற்றை நீக்க வேண்டும். சோதனைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வேலை முடிந்ததும் ப்ராக்சி அமைப்பை அணைத்து, சான்றிதழை அகற்ற வேண்டும். அமைப்பை அப்படியே விட்டால், கணினியை மூடியதும் கைப்பேசியில் இணையம் நின்றுபோகும். சான்றிதழை விட்டுவைப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வது போன்றது.

பிறருடைய தகவல்தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பது மலேசியாவில் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். அறிமுகமில்லாதவர் வாட்ஸ்அப்பில் சான்றிதழ் கோப்பை அனுப்பி நிறுவச் சொன்னால், எக்காரணம் கொண்டும் நிறுவக் கூடாது.