ஞெலிகோல்
காட்டுப் பயிற்சி முகாம்களில் தீ கடையும் கோலை ‘ஃபயர் ஸ்டிக்’ என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞெலிகோல் நினைவுக்கு வரும். ஞெலிதல் என்றால் கடைதல், குடைதல். உலர்ந்த கட்டையின் குழியில் கோலை நட்டுச் சுழற்றினால், உராய்வுச் சூட்டில் மரத்தூள் கருகிக் கனலாகும். புறநானூற்றில் ஔவையார், கூரையில் செருகிய ஞெலிகோலை அதியமானின் அடங்கிய ஆற்றலுக்கு உவமையாக்கினார். பெரும்பாணாற்றுப்படையின் இடையன் ஞெலிகோலால் கடைந்த தீயாலேயே குழலுக்குத் துளையிடுகிறான். வேள்வித் தீ கடையும் கட்டைக்கு அரணி என்ற வடசொல் நிலைத்தது. ஒலியில் நெருங்கிய ஞெகிழி என்ற சொல்லின் கதை வேறு: அன்று கொள்ளிக்கட்டையைக் குறித்த சொல்லைச் சிலர் இன்று பிளாஸ்டிக்குக்கு எழுதுகிறார்கள். ஞெலிகோல் அழகான சொல்தான், ஆனால் இன்றைய நாவுக்குத் தொலைவு. பிள்ளைகளுக்குக் கற்றுத்தர நான் தீக்கடைகோலையே தேர்வேன். மோர் கடையத் தெரிந்த வீட்டில் அதற்கு விளக்கவுரை வேண்டாம்.